கடையில் நின்ற வருடங்களுக்கும் ஒரு தாள் வேண்டும்

வேலை தேடுபவர் தனது சுயவிபரக்கோவையை எந்த வடிவத்தில் எழுதுவது நல்லது என்பது பற்றி ஆங்கிலத்தில் எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை பட்டதாரிகளையும் காரியாலய உத்தியோகத்தர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஹட்டனில் புடவைக் கடையோ பலசரக்குக் கடையோ ஹாட்வெயாரோ நடத்தும் ஒருவரிடம் டிக்கோயாவிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் வேலை கேட்டு வரும் இளைஞனுக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று அந்த நூல்கள் சொல்வதில்லை. அதை நாம்தான் யோசிக்க வேண்டியுள்ளது.

"இது வேலை தேடுபவரின் பிரச்சினை, வியாபாரியான எனக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று வாசகர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அந்தத் தாளைக் கையில் வாங்கி, ஆளைச் சேர்ப்பதா இல்லையா என்று தீர்மானிப்பவர்கள் நாம். இரண்டாவது, அந்தத் தாளில் எழுதப்படும் அனுபவத்துக்கு ஏதாவது பெறுமதி இருக்குமா என்பது நாம் கொடுக்கும், அல்லது கொடுக்காமல் விடும், ஒரு கடிதத்தில் தங்கியுள்ளது. இந்த இரண்டாவது விடயத்தில் எமது வர்த்தக சமூகம் கவனயீனமாக இருக்கிறது என்பதே எனது கருத்து.

கொமியுனிகேஷன் படிவம்

மலையக நகரங்களில் சுயவிபரக்கோவை பெரும்பாலும் கொமியுனிகேஷன் கடையில்தான் பிறக்கிறது. அங்குள்ள கணினியில் ஏற்கெனவே ஒரு படிவம் இருக்கும். பழைய ஆளின் பெயரை அழித்துவிட்டுப் புதிய ஆளின் பெயரைப் போடுவார்கள். முழுப்பெயர், முதலெழுத்துக்களுடன் பெயர், பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம், பால், விவாக நிலை, இனம், சமயம், படித்த பாடசாலை, க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் பாடவாரியாக, உறவினரல்லாத இருவரின் பெயர், கடைசியில் மேற்கூறியவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி. பெரும்பாலும் இரண்டு பக்கம்.

இப்போது ஒரு கடைக்காரரின் இடத்திலிருந்து இதைப் படித்துப் பாருங்கள். அவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. இந்தப் பையனுக்கு நிறுவை தெரியுமா? பில் போடத் தெரியுமா? சிங்களத்தில் வாடிக்கையாளருடன் பேசுவானா? கணினியில் சரக்கிருப்பைப் பதிவு செய்வானா? லொறியில் வந்த சரக்கைப் பட்டியலுடன் ஒப்பிட்டு இறக்குவானா? வாகன அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? காலை எட்டு மணிக்குக் கடை திறக்க எங்கிருந்து வருவான்? இவற்றில் ஒன்றுக்கும் அந்த இரண்டு பக்கங்களில் பதில் இல்லை. ஆனால் சமயமும் விவாக நிலையும் இருக்கின்றன.

அடையாள அட்டை இலக்கத்தையும் நாம் சாதாரணமாக நினைக்கிறோம். அதில் ஒருவர் பிறந்த வருடமும் நாளும் ஆணா பெண்ணா என்பதும் அடங்கியிருக்கின்றன. ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையிலும் சரி, 2016இலிருந்து வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும் சரி, இதே முறைதான். பெண்களாயின் நாள் எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட இலக்கம் எழுதிய தாள்கள் எமது கல்லாப்பெட்டிக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்து, பிறகு சாமான் சுற்றவும் போகின்றன. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுவிட்ட நாட்டில் இது நல்ல பழக்கமல்ல. ஆளைத் தெரிவு செய்த பிறகு அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே போதுமானது. வயதைக் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டுள்ளது என்பதை நம்மில் சிலர் இன்னும் அறியாதிருக்கின்றனர்.

மூன்று வடிவங்கள்

சுயவிபரக்கோவையில் பொதுவாக மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று, காலவரிசை முறை. கடைசியாகச் செய்த வேலையை முதலில் எழுதி, பின்னோக்கிச் செல்வது. இரண்டு, திறன் முறை. எங்கே, எப்போது என்பதைப் பின்தள்ளி, என்னென்ன தெரியும் என்பதை முன்னால் வைப்பது. மூன்று, இரண்டும் கலந்தது. மேலே திறன்கள், கீழே வேலை செய்த இடங்களும் காலமும்.

ஒரே துறையில் இடைவெளியின்றி முன்னேறி வந்தவருக்குக் காலவரிசை முறை மிகவும் சிறந்தது. வங்கியிலோ கம்பனியிலோ வேலை செய்தவர் அதையே எழுதட்டும். ஆனால் எமது பகுதியில் வேலையின் ஓட்டம் வேறு விதமானது. சிவனொளிபாத மலை சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நடக்கிறது. அந்த மாதங்களில் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரை கடைகளுக்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள். சீசன் முடிந்ததும் பையன் கொழும்புக்குப் போய் ஒரு கடையில் நிற்கிறான். வீட்டில் ஒரு சுகவீனம் என்றால் திரும்பி வருகிறான். பிறகு மீண்டும் சீசன். இதைக் காலவரிசையில் எழுதினால், "ஓரிடத்தில் நிலைக்காதவன்" என்று வாசிப்பவர் முடிவு கட்டிவிடுவார். உண்மையில் அவன் நான்கு சீசன்களில் நெரிசலான கடையைச் சமாளித்தவன். எந்த முதலாளியும் தேடுகின்ற ஆள்.

அப்படியானால் திறன் முறையே போதுமா? அதுவும் போதாது. "சரக்கு முகாமைத்துவம், வாடிக்கையாளர் தொடர்பு" என்று யாரும் எழுதிவிடலாம். ஒரு வியாபாரி அதைப் படித்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, யாருடைய கடையில் நின்றீர்கள்?" என்பதுதான். இடமும் காலமும் இல்லாத திறன் விலாசமில்லாத கடிதம் போன்றது.

ஆகவே எமது பகுதிக்கும் எமது வியாபாரங்களுக்கும் மூன்றாவதான கலப்பு முறையே சிறந்தது. ஒரே பக்கம் போதும். தமிழில் எழுதினால் போதும், கையெழுத்தில் இருந்தாலும் குறைவில்லை. மேலே பெயரும் தொலைபேசி இலக்கமும். அடுத்து, தெரிந்த வேலைகள் ஐந்தாறு வரிகளில். அதற்குக் கீழே வேலை செய்த இடங்கள், மாதமும் வருடமும் சேர்த்து. பிறகு படிப்பும் மொழிகளும். கடைசியில், முன்னர் வேலை செய்த இடத்தில் விசாரிக்கக்கூடிய ஒருவரின் பெயர், அவரது சம்மதத்துடன்.

அந்த ஐந்தாறு வரிகள் எப்படி இருக்க வேண்டும்? "கடின உழைப்பாளி, நேர்மையானவன்" என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். "புடவைக் கடையில் சீலைப் பகுதியைத் தனியாகப் பார்த்தேன். ஒவ்வொரு மாத முடிவிலும் சரக்கெண்ணினேன். சிங்கள வாடிக்கையாளருடன் தடையின்றிப் பேசுவேன். மாலையில் கல்லாக் கணக்கை முதலாளியிடம் ஒப்படைத்தேன்." இப்படி எழுதினால் வாசிப்பவருக்கு ஆள் கண்முன்னே தெரிவான். கல்லாவை ஒப்படைத்தவன் என்ற ஒரு வரி, நேர்மையானவன் என்று பத்துத் தடவை எழுதுவதைவிடக் கூடுதலாகப் பேசும்.

வேறு வாசல்களுக்கு வேறு வழி என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசாங்க வேலைக்கு வர்த்தமானியில் கேட்கப்பட்ட மாதிரிப் படிவத்தை அப்படியே பின்பற்ற வேண்டும், அங்கே எமது தெரிவுக்கு இடமில்லை. பெரிய கம்பனிகள் சிலவற்றில் விண்ணப்பத்தை முதலில் கணினிதான் படிக்கிறது. பெட்டிகளும் பூ வேலைப்பாடுகளும் நிறைந்த தாளை அது சரியாகப் படிக்காது. சாதாரண எழுத்தில், நேரான வரிகளில், பீ.டீ.எஃப். ஆக அனுப்புவதே பாதுகாப்பு. வாட்ஸ்அப்பில் தாளைப் படம் பிடித்து அனுப்புவது கடைக்குச் சரி, கம்பனிக்குச் சரியல்ல.

முகவரியும் பெயரும்

தோட்டப்புற இளைஞர்களுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லாத லயன் வீடுகள் ஏராளம். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், தபால் நகரம் என்பவையே முகவரி. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தைச் சுற்றி வந்து சேர்வதற்குள் நேர்முகப் பரீட்சைத் திகதி கடந்துபோன கதைகள் மலையகத்தில் புதியவையல்ல. ஆகவேதான் தொலைபேசி இலக்கம் தாளின் மேலே இருக்க வேண்டும் என்கிறோம். முடிந்தால் இரண்டு இலக்கங்கள்.

முதலாளிமாருக்கும் இதில் ஒரு வார்த்தை. தோட்ட முகவரியைக் கண்டவுடன் அந்தத் தாளைக் கீழே தள்ளிவிடும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. எமது கடைக்கு வாடிக்கையாளர் யார் என்று யோசிக்க வேண்டும். சம்பள நாளுக்குப் பிறகு எமது கடைகள் நிறைவது யாரால்? அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பொருள் வாங்க வரவேற்று, வேலை கேட்டு வந்தால் முகவரியைப் பார்த்துத் திருப்பி அனுப்புவது வியாபாரத்துக்கும் நல்லதல்ல, நியாயத்துக்கும் நல்லதல்ல.

பெயரை எழுதும் விதத்தில் கவனம் எல்லோருக்கும் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு விதம் என்று பெயர் எழுதப்பட்டவர்கள் மலையகத்தில் அதிகம். எமது பிள்ளைகளின் நிலைமையும் இதுதான். முஹம்மத் என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! சுயவிபரக்கோவையில் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுத வேண்டும். வெளிநாடு செல்ல எண்ணுபவர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத வேண்டும். சேவைக் கடிதத்திலும் அதே எழுத்துத்தான் வர வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் அது வேறு ஆளின் கடிதம் என்று தூதரகத்தில் சொல்லிவிடுவார்கள்.

எமது வீட்டுப் பிள்ளைகள்

வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளின் சுயவிபரக்கோவையைப் பாருங்கள். பத்து வயதிலிருந்து பாடசாலை விட்டு வந்ததும் வாப்பாவின் கடையில் நின்றவன். நோன்புப் பெருநாள் நெருக்கத்தில் இரவு நெடுநேரம் வரை கடையைப் பார்த்தவன். மொத்த வியாபாரியிடம் விலை பேசியவன். கடன் கொப்பியை எழுதி, கடன்காரரிடம் மனம் நோகாமல் பணம் வசூலித்தவன். இவ்வளவும் செய்தவன், "தொழில் அனுபவம்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதுகிறான்.

எல்லாப் பிள்ளைகளும் வாப்பாவின் கடையையே நடத்தப் போவதில்லை. ஒரு கடையை மூன்று மகன்மாருக்குப் பிரித்தால் மூவருக்கும் போதாமல் போகும் காலம் இது. வெளியே போகின்ற பிள்ளை தன் கையில் உள்ளதை அறிந்து போக வேண்டும். பாடசாலைக் காலத்தில் செய்ததைக் "குடும்ப வியாபாரத்தில் உதவி" என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம். சம்பளம் பெற்ற வேலை போலக் காட்ட வேண்டியதில்லை. உம்மாவும் சகோதரிகளும் வீட்டிலிருந்தே செய்கின்ற தையல், பலகாரம், கணக்கு வேலைகளுக்கும் இதே கதைதான்.

சேவைக் கடிதம்

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். ஒருவர் எட்டு வருடங்கள் ஒரு கடையில் நின்றார் என்று வைத்துக்கொள்வோம். சேரும்போது நியமனக் கடிதம் இல்லை. விலகும்போது சேவைக் கடிதம் இல்லை. அவர் எந்த வடிவத்தில் சுயவிபரக்கோவை எழுதினாலும், எவ்வளவு அழகாக டைப் செய்தாலும், அந்த எட்டு வருடங்களுக்கு அவருடைய வாய் வார்த்தை மட்டுமே சாட்சி. அறிமுகமில்லாத ஊரில் அதை யார் நம்புவார்? முப்பது வயதில் அவர் மீண்டும் பதினெட்டு வயதுப் பையனின் சம்பளத்தில் தொடங்க வேண்டும். ஒரு மனிதனின் எட்டு வருட உழைப்பு ஒரு தாள் இல்லாததால் இல்லாமற் போகிறது.

ஏன் நாம் கொடுப்பதில்லை? சோம்பல் ஒரு காரணம். "கடிதம் கொடுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவான்" என்ற எண்ணம் இன்னொரு காரணம். போக நினைத்தவன் கடிதமில்லாமலும் போகிறான், மனக்கசப்புடன் போகிறான். ஆனால் எவரும் வெளிப்படையாகப் பேசாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. கடிதம் எழுத்து மூலமான ஆதாரமாகிவிடும், அதை எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போனால் ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கேள்வி வரும் என்ற பயம்.

இந்தப் பயத்துக்குப் பதில் கடிதத்தை மறுப்பதல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும். ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். இதற்கு மேலதிகமாக 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். சேமலாப நிதியைத் தாமதித்துக் கட்டினால் தாமதத்துக்கு ஏற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறுகிறது. கடிதம் கொடுக்காததால் இந்தக் கடன் அழிந்துவிடாது, வளர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் கடைக்காரர், வாடிக்கையாளர், உடன் வேலை செய்தவர் என்று சாட்சி சொல்ல ஆட்கள் எப்போதும் இருப்பார்கள்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, வேலைக்குச் சேர்பவருக்கு அவருடைய பதவி, சம்பளம், நிபந்தனைகள் ஆகியவற்றை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை. விலகும்போது கொடுக்கும் கடிதத்தைப் பொறுத்தவரை, எமது சகோதரர்கள் பலர் உழைக்கச் செல்லும் சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் ஊழியர் கேட்டால் கட்டணமின்றிச் சேவைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று தொழில் சட்டமே சொல்கிறது. அங்கே அந்தத் தாளைக் கேட்டு வாங்குகின்ற நாம், இங்கே எமது ஊழியருக்கு அதைக் கொடுக்கத் தயங்குவது என்ன நீதி?

இஸ்லாம் இதை எமக்கு ஏற்கெனவே கற்றுத் தந்திருக்கிறது. சூரத்துல் கஸஸில் வரும் சம்பவத்தை நாம் அறிவோம். மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தன் தந்தையிடம் சொன்ன பெண் எடுத்துக்காட்டிய தகைமைகள் இரண்டு: வலிமை, நம்பிக்கை. கிணற்றடியில் அவர் நடந்துகொண்ட விதத்தைத் தன் கண்ணால் கண்டிருந்தபடியால்தான் அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது. யூஸுப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாக்கக் கூடியவர், அறிவுள்ளவர் என்று தமது தகுதியைத் தாமே எடுத்துரைத்தார்கள். தகுதியைத் தானே சொல்வதும் உண்டு, கண்டவர் சாட்சி சொல்வதும் உண்டு. சுயவிபரக்கோவை முதலாவது. சேவைக் கடிதம் இரண்டாவது. கடனை எழுதி வைக்கவும், அழைக்கப்பட்டால் சாட்சிகள் மறுக்காதிருக்கவும் சூரத்துல் பகராவில் கட்டளை இருக்கிறது. கடன் கொப்பியைச் சரியாக எழுதுகின்ற நாம் ஊழியரின் காலத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மச்சானின் மகன் வெளிநாடு போகிறான் என்பதற்காக, ஒரு நாளும் கடையில் நிற்காதவனுக்கு "ஐந்து வருடம் கணக்காளராக இருந்தார்" என்று கடிதத் தலைப்பில் எழுதிக் கொடுக்கிறவர்களும் நம்மில் உண்டு. உதவி என்று நினைத்துச் செய்வது பொய்ச் சாட்சி. அது உண்மையாக ஐந்து வருடம் உழைத்தவனின் கடிதத்தையும் மதிப்பிழக்கச் செய்கிறது.

செய்யக்கூடியவை

சேவைக் கடிதம் எழுதப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. கடையின் கடிதத் தலைப்பு, வியாபாரப் பதிவு இலக்கம், ஊழியரின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்ன வேலை, எந்தப் பொறுப்புகள், கையொப்பம், முத்திரை, தொலைபேசி இலக்கம். பத்து நிமிட வேலை. பிரதி ஒன்றைக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் யாராவது தொலைபேசியில் விசாரித்தால் பதில் சொல்ல அது உதவும்.

அந்தக் கடிதத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. தேசிய தொழிற் தகைமை எனப்படும் என்.வீ.கியூ. சான்றிதழை வகுப்புக்குப் போய்த்தான் பெற வேண்டும் என்பதில்லை. வேலை செய்து கற்றவர்களின் திறனைப் பரிசோதித்து வழங்கும் முறையும் இருக்கிறது. பேக்கரியில், வாகனத் திருத்துமிடத்தில், தையல் கடையில் வருடக்கணக்காக வேலை செய்தவர்கள் அனுபவத்தைக் காட்டி இதற்கு விண்ணப்பிக்கலாம். அனுபவத்தைக் காட்டச் சிறந்த ஆதாரம் முதலாளியின் கடிதம். கடிதம் இல்லாவிட்டால் இந்த வாசலும் அவருக்குத் திறப்பது கடினம்.

ஆள் எடுக்கும்போது எமது விளம்பரத்தையும் திருத்த வேண்டும். "கடைக்கு ஆள் தேவை" என்ற மூன்று வார்த்தை அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வருகின்றவர்களின் சுயவிபரக்கோவை சரியில்லை என்று குறை சொல்வது பொருத்தமல்ல. என்ன வேலை, எந்த நேரம், என்ன சம்பளம், எந்த மொழிகள் தேவை என்று எழுதினால், வருகின்ற தாளிலும் அதற்கான பதில் இருக்கும். சம்பளத்தை எழுதும்போது தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் சட்டத்தால் உயர்த்தப்பட்டதை நினைவில் வைத்திருங்கள்.

வருகின்ற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். தெரிந்தவர் சொல்லி அனுப்பிய பையனிடம் ஒரு மாதிரியும், தாளுடன் தனியே வந்த பையனிடம் வேறு மாதிரியும் கேட்டால் நல்ல ஆளை இழப்பது நாம்தான். தேவைப்படாதவரின் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அல்லது கிழித்துவிடுங்கள்.

இந்த வாரம் ஒவ்வொரு கடை முதலாளியும் ஒரு காரியத்தைச் செய்தால் போதும். உங்கள் கடையில் இப்போது நிற்கின்றவர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவரும் எந்த மாதம், எந்த வருடம் சேர்ந்தார் என்று அவர்களிடமே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் விலகிப் போனவர் எவராவது கடிதம் கேட்டுத் திரும்பி வந்திருந்தால், அவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். அவர் எந்த வடிவத்தில் சுயவிபரக்கோவை எழுதினாலும், அந்தக் கடிதம் அதனுடன் போகும். இன்ஷா அல்லாஹ், அதில் உங்கள் கடையின் நல்ல பெயரும் சேர்ந்து போகும்.